உங்கள் கிணறு எவ்வளவு ஆழம்?

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்குள் எங்கள் வீட்டில் பதினாறு பாத்திரங்களில் தண்ணீர் நிரம்பியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். இரண்டு வாளி, மூன்று சருவச்சட்டி, பெரிய சோற்றுப்பானை, கேத்தில், பிரஷர் குக்கர்… மிச்சமெல்லாம் ஐஸ்கிரீம் டப்பா. குளியல் தொட்டி இந்தக் கணக்கில் இல்லை. அதுவும் விளிம்புவரை நிரம்பித்தான் இருந்தது.

யுத்தமா? புயலா? ஒன்றுமில்லை. முதல் நாள் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீதியில் குழாய் வேலை நடக்கிறதாம். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை தண்ணீர் வராதாம்.

இரண்டே இரண்டு மணித்தியாலம். அந்த நேரம் நானும் வேலையில்தான் இருந்திருப்பேன். ஆனால் இங்கே வருமுன் கொழும்பு லொட்ஜில் அரை மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் பைப்புக்கு வாளியோடு வரிசையில் நின்றவளிடம் 'தண்ணீர் வராது' என்று சொல்லிப் பாருங்கள். மூளை யோசிப்பதற்கு முன் கை பைப்பைத் திறந்துவிடும்.

நாங்கள் இருக்கும் இந்த ஏரிக்கரை நகரத்தில், அஜின்கோர்ட் பகுதியில், எங்களுடையது ஏழு வீடுகள் ஒட்டிய ஒரு வரிசை. ஏழில் நான்கு வீடு எங்கள் தமிழ் ஆட்கள். பக்கத்து வீட்டு வசந்தி அன்ரி போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் நிரப்பிட்டியே பிள்ளை?"

"ஓம் அன்ரி. தொட்டியும் நிரப்பிட்டன்."

"நான் பேஸ்மென்ற்றில ரெண்டு ட்ரம்முக்கு ஹோஸ் போட்டு விட்டிருக்கிறன். எதுக்கும் அந்தப் பூச்சாடியையும் கழுவி நிரப்பு."

அப்போதுதான் மேல்மாடியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"இஞ்சரும்! தண்ணி நூல் மாதிரி வருது! தலை முழுக்கச் சோப்பு!"

ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். நாங்கள் சிரித்தோம். எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்கும்வரை சிரிப்பாகத்தான் இருந்தது.

வாசலில் வரிசையின் கடைசி வீட்டுப் பெண். மூன்று வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறோம், பெயர் தெரியாது. இடுப்பில் குழந்தை. கையில் வெறும் பால் போத்தல். தன் வீட்டில் ஆறு மணியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றாள். குழாய் வேலைக்கு வரும் சிற்றிக்காரர்கள் நேரத்துக்கு முன்பே பூட்டிவிட்டார்களா என்று கேட்டாள்.

எங்கள் வரிசைக்குத் தண்ணீர் ஒரே குழாயில்தான் வருகிறது. எங்கள் பக்கத்தால் நுழைந்து அவள் வீட்டில் முடிகிறது. நான்கு வீடுகள் ஒரே நேரத்தில் எல்லாப் பைப்பையும் திறந்தால் கடைசி வீட்டுக்கு என்ன வரும்? எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"மேபி," என்றேன்.

பாத்திரங்கள் அவள் கண்ணில் படாதபடி கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேத்திலைக் கொடுத்தேன். அவள் மூன்று தரம் நன்றி சொன்னாள். அந்த மூன்றும் எனக்குச் சுட்டன.

அன்றைக்குப் பத்து மணிக்குத் தண்ணீர் நிற்கவே இல்லையாம். லொறி வந்ததாம், இரண்டு பேர் கோப்பி குடித்தார்களாம், அடுத்த வீதிக்குப் போய்விட்டார்களாம். பின்னேரம் வேலையால் வந்து தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். அவ்வளவு தண்ணீரும் களுக் களுக்கென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அக்காவின் போன் வந்தது.

என் அக்கா ரீற்றா அமெரிக்காவில், தென்மேற்குப் பாலைவனத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அத்தானுக்கு அங்கே வேலை கிடைத்துப் போனவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். மழை என்பது அங்கே பேப்பரில் போடும் செய்தி. ஊர் நடுவில் மட்டும் குழாய் உண்டு. மற்றவர்களுக்கு அவரவர் வீட்டு வளவில் கிணறு. எங்கள் ஊர்க் கிணறு மாதிரி எட்டிப் பார்த்து முகம் பார்க்க முடியாது. ஆழமாக இறக்கிய குழாய்க் கிணறு. மோட்டார்தான் இழுக்கும். அந்தக் கிணற்றை நம்பி அக்கா நாற்பது முருங்கை வைத்திருக்கிறாள். அந்த வெயிலுக்கு அது காய்க்கிற காய்ப்பு! அந்த மாநிலத்துத் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் அவளுடைய காய்தான் போகிறது. அத்தான் வேலையை விட்ட பிறகு அவர்களுடைய சோறும் அந்த நாற்பது மரத்தில்தான்.

"இஞ்சை தண்ணி போர்ட்டுக்கு எலெக்சன் வருதடி," என்றாள். "சனிக்கிழமை மூண்டு வேட்பாளரையும் லைப்ரரி ஹோலுக்குக் கூப்பிட்டிருக்கினம். கேள்வி எழுதிக் குடுக்கலாம். நீ பேப்பரில எழுதிறனி தானே, எனக்கொண்டு எழுதித் தா. நான் இங்கிலீசில மாத்துறன்."

"நான் பத்தாம் வகுப்பு, அக்கா. உனக்குத் தெரியாததே?"

"தெரியும். அதுதான் கேக்கிறன். படிச்சவை எழுதினா விளங்காது."

யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் பெரிய பண்ணைக்காரர். எப்போதும் தொப்பியோடுதான் இருப்பாராம். உன் நிலம், உன் கிணறு, உன் தண்ணீர். அதில் கைவைக்க எவனுக்கும் உரிமை இல்லை என்பது அவர் கட்சி. இரண்டாவது, ஓய்வுபெற்ற ரீச்சர். நிலத்துக்கடியில் இருப்பது எல்லாருக்கும் ஒரே தண்ணீர். கிணற்றுக்குக் கிணறு மீற்றர் பூட்டி, ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைக்க வேண்டும் என்கிறார். மூன்றாவது, இளம் கொன்ராக்டர். தூரத்து ஆற்றிலிருந்து பைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டால் ஏன் சண்டை என்கிறான்.

"உன்ரை கேள்வி என்ன?"

"வேறென்ன? என்ரை கிணத்துக்கு ஏன் மீற்றர் எண்டுதான். அளவு வைச்சா என்ரை மரம் பட்டுப்போகும். தொப்பிக்காரன் சொல்லுறதுதான் எனக்குச் சரி."

சரி என்றேன். நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன். அக்காவை எதிர்த்து ஒரு சொல் நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது வேறு இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. போன வருடம் அக்கா சொன்னாள், "எங்கடை கிணத்தில தண்ணி இறங்கிட்டுது, இன்னும் கீழ தோண்டிச்சினம், இப்ப நல்லா வருது." பிறகு ஒரு நாள், வேறு ஏதோ கதைக்கு நடுவில், "பாவம், பக்கத்து வளவு ரோசாவின்ரை கிணறு காத்துத்தான் கக்குது. பள்ளிக்கூடம் கூட்டி முடிச்சிட்டு, வான் வண்டியில டாங்க் ஏத்திக்கொண்டு தண்ணிக்குப் போறாள்." இரண்டையும் அக்கா வேறு வேறு நாள்களில் சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து அவள் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைவரை நானும் பார்க்கவில்லை.

அக்காவின் கேள்வியை அவள் சொன்னபடியே எழுதினேன். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினேன். 'உங்கள் சொந்தக் கிணறு எவ்வளவு ஆழம்? அதற்கு மிகக் கிட்டத்தில் வறண்டுபோன கிணறு யாருடையது?' எது விருப்பமோ அதைக் கொடு என்று அனுப்பினேன்.

"ரெண்டாவது நல்லாயிருக்கு. சுருக்கமாக் கிடக்கு," என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீடியோ கோல் போட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். நான் குசினி மேசையில் வெங்காயம் உரித்தபடி பார்த்தேன். மூவரும் தங்கள் தங்கள் கட்சியைப் பேசினார்கள். தொப்பிக்காரருக்குத்தான் கைதட்டல் கூடுதல். பிறகு நடத்துநர் எங்கள் கேள்வியை வாசித்தார்.

பண்ணைக்காரர் ஆழத்தை உடனே சொன்னார். ஆயிரம் அடிக்கு மேல். சிலர் திரும்பித் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கிட்ட வறண்ட கிணறு? "என் மனேஜரைத்தான் கேட்க வேண்டும்," என்று தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்தார்.

ரீச்சர் எழுந்து, "எனக்குக் கிணறே இல்லை, ஊர்க் குழாய்தான்," என்றார். "அளந்து குடியுங்கள் என்று உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். அது உண்மைதான்."

கடைசியாக இளைஞன் எழுந்தான். வறண்டது தன் அம்மாவின் கிணறு என்றான். ஞாயிறுதோறும் அவன்தான் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறான். பைப் வந்து சேரப் பத்து வருடம் ஆகலாம் என்பதும் தனக்குத் தெரியும் என்றான்.

என்ன வியப்பு என்றால், மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கொள்கை அவரவர் கிணற்றடியில் முளைத்திருந்தது. ஆழக் கிணற்றுக்காரருக்கு உரிமை தெரிகிறது. கிணறில்லாதவருக்கு நியாயம் தெரிகிறது. வறண்ட கிணற்றுக்காரனுக்கு அவசரம் தெரிகிறது. நாங்கள் மட்டும் வேறா? இதே நகரத்தில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு லோன்றியில் ஹோட்டல் விரிப்புகளைத் துவைப்பதுதான் என் வேலை. அந்த மெசின்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டி வரவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. "நல்ல கேள்வி. யார் எழுதியது?" என்றார் நடத்துநர். அக்கா பெருமையோடு கையைத் தூக்கினாள். போன் ஆடியது.

"அப்படியென்றால் மேடம், உங்கள் கிணறு?"

படம் சரிந்தது. இப்போது எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. ஒரு காற்றாடி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் மூச்சு கேட்டது. அவள் ஆழத்தைச் சொன்னாள். காற்றாடி சுற்றியது. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"த நியரஸ்ட் ட்ரை வெல்…" என்றாள் அக்கா. நிறுத்தினாள். "ஷீ இஸ் சிற்றிங் பிஹைன்ட் மீ."

ரோசாவும் வந்து அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோல் கட்டாகிவிட்டது.

நான்கு நாள் அக்காவின் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் மணி அடித்து ஓய்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அக்காவை எதிர்த்திருக்கிறேன். அதுவும் ஒரு ஊரே பார்க்க. வேலையிடத்தில் விரிப்பை மடிக்கும்போதும் அதே யோசனை. அவள் மரங்கள் பட்டுப்போனால் என்ன செய்வாள்? ஏரிக்கரை நகரத்தில் இருந்துகொண்டு அவள் சோற்றில் கைவைக்க எனக்கு என்ன உரிமை?

ஐந்தாம் நாள் மணி அடித்தது.

"வேணுமெண்டு தானே எழுதினனி?"

"ஓம்."

"வாயில இல்லாத துணிவு உனக்குப் பேனையில இருக்கு."

அதோடு விடாமல் அவளே தொடர்ந்தாள்.

"உனக்கென்னடி. ஒரு ஏரிக்கு மேல ஏறி இருந்துகொண்டு ஞாயம் கதைக்கிறாய். பாலைவனத்தில வந்து ஒரு கோடை இருந்து பார்."

"ஓம் அக்கா. அது சரிதான்."

"சரி எண்டு சொல்லாதை! உந்தச் சரியைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் எல்லாம் சரி எண்டு இருந்திட்டன்."

பிறகு அவளே சொன்னாள். வேலிக்கு மேலால் ரோசாவின் டாங்குக்கு ஒரு ஹோஸ் இழுத்துவிட்டிருக்கிறாள். முருங்கைக்கு இனி மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்; பத்து மரம் இந்தக் கோடை தாண்டாது என்று அத்தான் சொல்கிறார். இதனால் நிலத்தடித் தண்ணீர் ஏறிவிடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஆயிரமடிக் கிணறு அங்கேயேதான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ரோசா வந்து ஹோஸைப் பிடித்தபோது என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் மனசுக்குக் கரைச்சலாக் கிடக்கு," என்றாள்.

யாருக்கு வோட்டு? தபாலில் வந்த வாக்குச்சீட்டு இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறதாம். "முந்தி எண்டால் உடனே போட்டிருப்பன். இப்ப யோசிக்க வைச்சிட்டாய்," என்றாள். திட்டினாளா, மெச்சினாளா, தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைசி வீட்டுக்கு நடந்தேன். ஏழு வீட்டு வரிசைதான். எனக்கு அது நெடுந்தூரமாக இருந்தது. அவள் கதவைத் திறந்தாள். கழுவித் துடைத்த என் கேத்திலை எடுத்து நீட்டினாள். நான் வாங்காமல், எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பதினாறு பாத்திரக் கதையையும் சொன்னேன். தொட்டியையும் சொன்னேன். அவள் பெயர் லின். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நான் இரண்டு மணித்தியாலம் பயந்துபோயிருந்தேன்," என்றாள். பிறகு உள்ளே வரச் சொன்னாள்.

வசந்தி அன்ரியோடும் மற்ற இரண்டு வீட்டோடும் கதைத்தாயிற்று. அடுத்த முறை நோட்டீஸ் வந்தால் கடைசி வீட்டிலிருந்துதான் நிரப்பத் தொடங்குவது. அங்கே முடிந்ததாக லின் போனில் சொன்ன பிறகு அடுத்த வீடு. ட்ரம்முக்கு ஹோஸ் போடுவதில்லை என்று அன்ரியும் அரை மனதோடு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

என் கணவருக்கு மட்டும் ஒரு சந்தேகம்… தலையில் சோப்போடு நிற்பவர் எத்தனையாவது?