ஸுலைஹா நிரப்பிய காற்று

கல்பிட்டிக் கரையில் கடலட்டை எடுக்க முங்குகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவள் என் மதினி ஸுலைஹா. பொம்பளைக்கு இது என்ன வேலை என்று ஊர் முணுமுணுத்தது. ஊருக்கென்ன, சோறு போடவா போகிறது? யுத்தம் முடிந்து கடல் திறந்த சில வருடங்களில் என் நானா, அவளுடைய புருஷன் ஹயாத்து முகம்மது, கடலுக்கடியில் மூச்சடங்கி மௌத்தானார். காற்றடிக்கிற மெஷின்தான் அவளுக்கு மிச்சம்.

மௌத்தாவதற்கு முதல்நாள் நானா ஒரு கதை சொன்னார். அடியில் முங்கியிருந்தபோது சாம்பிராணி மணத்ததாம், மையத்து வீட்டில் மணக்கிற மாதிரி. நாங்கள் சிரித்தோம். மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

பிறகு அவர்களுடைய மகன் றிஸ்மின் முங்கத் தொடங்கினான். மதினி தடுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. போன பருவம் தொடங்கிய அன்று அவனும் அதையே வந்து சொன்னான்.

"உம்மா, அடில சாம்பிராணி மணக்குது."

மதினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொழும்பில் கருவிகள் செய்யும் இடத்தில் வேலைபார்க்கிற என் மருமகன் றவூபைக் கூப்பிட்டோம். அவன் ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே மெல்லிய பளிங்குச் சீவல். மின்சாரம் பட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒரே வேகத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் சாம்பிராணி மணத்தைப் பிடிக்கிற பூச்சு. காற்றில் அந்த மணம் துளியளவு இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். சீவல் பாரமாகி நடுக்கம் குறையும், பெட்டியில் எண் இறங்கும். ஈரம் ஏமாற்றாமலிருக்க முன்னால் ஒரு வடிகட்டி.

"கண்ணாடித் துண்டுக்கு மூக்கு முளைச்சிட்டா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாமி," என்று சொல்லி, றவூப் றிஸ்மின் அன்று கொண்டுபோன சிலிண்டரை, மிச்சக் காற்றோடு, பெட்டியின் முன் திறந்தான். எண் விறுவிறென்று இறங்கியது.

காரணம் உடனே பிடிபட்டது. பருவத்தின் முதல் சிலிண்டரை நிரப்பும்போது பரக்கத்து வேண்டி, தொழில் செழிக்க, மெஷினடியில் சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம். காற்றை இழுக்கிற மெஷின் புகையை விட்டுவைக்குமா? மதினி குந்தியிருந்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

"மௌத்துட மணமில்ல மச்சி, நம்மட புகைதான்," என்றாள் என்னிடம்.

அன்றோடு சாம்பிராணியை நிறுத்தினாள். மெஷினைக் கழற்றிச் சுத்தம்செய்தாள். ஒவ்வொரு சிலிண்டரையும் பெட்டியில் பார்த்துத்தான் கடலுக்கு அனுப்பினாள். எண் அசைந்ததேயில்லை. அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு வியாழன் பின்னேரம் றிஸ்மின் கரையேறி வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"இன்டைக்கும் மணந்திச்சு உம்மா. வாப்பா பக்கத்துல நிக்கிற மாதிரி."

சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றை மதினி பெட்டியில் விட்டாள். எண் அசையவில்லை. அவனுடைய உடுப்பைப் பெட்டியின் முன் பிடித்துப் பார்த்தாள். அசையவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்று ஏசிக்கொண்டே நான் ஊதிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை.

"நீ ஊது மகன்," என்றாள் மதினி.

அவன் ஊதினான். எண் இறங்கியது. அவன் நிறுத்திய பிறகும் இறங்கிக்கொண்டே போனது.

நான் பயந்துதான் போனேன். மதினி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல்தான் காரணமென்றால் போகாதே என்று காலைப் பிடித்திருப்பாள். சிலிண்டர்தான் என்றால் உடைத்துப் போட்டிருப்பாள். மணம் வந்ததோ அவன் மூச்சிலிருந்து.

"இனி நான் கடலுக்குப் போகல்ல உம்மா. வீட்டிலயே நிக்கிறன்," என்றான் அவன்.

இத்தனை வருடமாக அவள் கேட்டுக் கெஞ்சியது இதைத்தான். ஓம், நில் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவனை இழுத்து, ஈரத்தோடு அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.