உறங்குகிறவனைப் போலக் கிடந்தேன்

எழுபத்து மூன்றாம் வருஷம் ஓணம் கழிந்ததிலிருந்து எழுபத்தைந்தாம் வருஷம் மழைக்காலம் வரை நான் ஒழுங்காக உறங்கவில்லை. படுப்பேன். கண் மூடும். நெஞ்சு மட்டும் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. போன மாதம் பாஸ்டர் ஐயா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோதும் பின் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தெரிந்த அளவுக்கு எழுதித் தருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பேக்கரியில் போர்மா வேலைக்குச் சேர்ந்தேன். ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பை இங்கே போர்மா என்பார்கள். சாயங்காலம் போனால் விடிந்துதான் வருவேன். ஊரெல்லாம் வேலைக்குப் போகிற நேரம் நான் பாயை விரிப்பேன். கரமனையில் ஆற்றுக்குப் போகிற சந்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே ஆறு குடும்பம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தம் நம் வீட்டில் கேட்கும். எங்களுக்கு முன்அறை ஒன்று, உள்ளே அடுப்படியோடு ஒரு அறை. நடுவில் பழைய சேலையில் ஒரு திரை. என் மனைவி ஒரு டீச்சர் வீட்டில் காலையிலிருந்து மூன்று மணி வரை வேலை பார்த்தாள். எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர்.

அந்த ஓணத்துக்கு மறுவாரம் என் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, செல்லத்துரை. கட்டட வேலை தேடி வந்ததாகவும், பத்து நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். பத்து நாள் இரண்டு வருஷமாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போவான். மற்ற நாள் அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் முன்அறையில் சீட்டு விளையாடுவார்கள். ரேடியோ வேறு. திரைக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன்.

"எலே, அத்தான் உறங்குதாரு. மெதுவாப் பேசுங்கலே" என்று அவனே சத்தம் போட்டுச் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு தடவை நான் எழுந்து போய்த் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே கேட்டான். "என்ன அத்தான், எடைஞ்சலா இருக்கா? சொல்லுங்க, இப்பவே பொட்டியத் தூக்கிருதேன்." நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன்" என்றேன். தண்ணீர்ப் பானை என் பக்கத்தில்தான் இருந்தது.

மனைவியிடமும் சொல்ல முடியவில்லை. தாய் வயலுக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தம்பி சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள். எனக்கு அது கசந்தது. கசந்ததையும் விழுங்கினேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர், "உறக்கம் உண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் என்ன விஷமம் என்று கேட்டார். விஷமம் என்றால் இங்கே மனவருத்தம். ஒன்றுமில்லை என்றேன். மாத்திரை கொடுத்தார். அதைத் தின்றால் உறக்கம் வீட்டில் வராமல் போர்மாவுக்கு முன்னால் வந்தது. ஒரு நாள் தட்டை வெளியே இழுக்கும்போது தள்ளாடி, முழங்கை வரை வெந்துபோயிற்று. மாத்திரையை நிறுத்தினேன். ஜெபம் மட்டும் பண்ணினேன். மனசுக்குள்தான். ஆண்டவரே, உறக்கம் தாரும். வேறு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் பதில் இல்லை. கேட்காத காதிடம் ஏன் பேச வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

எஸ்தருக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் பக்கம்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவாள். எழுபத்தைந்தாம் வருஷம் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவள் வந்தபோது கூட்டாளிகளில் ஒருவன் வாசலில் காலை நீட்டி மறித்தான். "டீச்சரம்மா வந்தாச்சு. எங்களுக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றான். அவள் புத்தகப் பையைப் பிடுங்கி ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு எறிந்தார்கள். என் மச்சினனும் சிரித்தான். பிள்ளை "அப்பா" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "அப்பா, உறங்குதியளா?"

நான் உறங்கவில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எழுந்து போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக வராத உறக்கத்தை நடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன். அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிடாமல் போனாள்.

அதற்குப் பிறகு அவள் மத்தியானம் வீட்டுக்கு வரவில்லை. வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். ஏன் என்று தாய் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். மாமாவைப் பற்றிச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள் என்று பயம். பரீட்சையில் தோற்றாள். இனிப் படிக்கமாட்டேன், ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பீடி சுற்றிப் பிழைத்துக்கொள்கிறேன் என்றாள். திமிர் என்று நினைத்துத் தாய் அவளை அகப்பையால் அடித்தாள். காரணம் தெரிந்த நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு மலையாளி உபதேசி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். எஸ்தரை அடுத்த நாள் ஊருக்கு பஸ் ஏற்றுவதாக இருந்தது. அவளுக்காக ஜெபம் பண்ணிவிட்டு அனுப்பலாம் என்று மனைவி எங்கள் இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெளியே நல்ல மழை. ஒவ்வொருவராக ஜெபித்து என் முறை வந்தது. நான் வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்தேன்.

உபதேசி என் தோளில் கை வைத்து, "உறக்கெ பிரார்த்திக்கணும், சகோதரா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உறக்கத்துக்காக ஜெபம் பண்ணு என்று சொல்வதாக நினைத்தேன். நான் யாரிடமும் சொல்லாதது இவருக்கு எப்படித் தெரிந்தது? கண்ணீர் வந்தது. மறுபடியும் மனசுக்குள்ளேயே, உறக்கம் தாரும் என்று கேட்டேன். அவர் மறுபடியும், "உறக்கெ, உறக்கெ" என்றார். அப்போது என் மனைவி காதோரம் குனிந்து, "சத்தமா ஜெபிக்கச் சொல்லுதாவ" என்றாள்.

பேக்கரியில் சத்தத்துக்கு ஒச்ச என்றுதான் சொல்வார்கள். உறக்கெ என்ற சொல் அத்தனை வருஷத்தில் என் காதில் பதியவில்லை. உறக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு எல்லாம் உறக்கமாகக் கேட்டது.

வாயைத் திறந்தேன். உறக்கம் தாரும் என்று சொல்லத்தான் திறந்தேன். வந்தது வேறு.

"ஆண்டவரே, நான் உறங்கல. அன்னைக்கு எம்மவ கூப்பிட்டப்ப முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். மூணு தடியனுவ அவ பையப் புடுங்கி ஆட்டம் காட்டுனானுவ. அவ மாமனும் சிரிச்சான். ரெண்டு மட்டம் அப்பான்னு கூப்பிட்டா. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் ரேடியோ நின்றது.

மனைவி எழுந்து போனாள். எஸ்தர் தலையைத் தூக்கவில்லை. தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல். "ஒன்ன இடுப்புல வச்சி வளத்தது நான். இப்ப எறக்கி விடுதேன். போ."

செல்லத்துரை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் உபதேசி வீட்டு வாசலில் வந்து நின்றான். "ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்துட்டு, அடுத்த வீட்டுல போயி எம்மானத்த வாங்கிட்டீயளே அத்தான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

எஸ்தரை ஊருக்கு அனுப்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து படுத்தேன். கண் விழித்தபோது மணி நாலு. இடையில் எஸ்தர் மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறாள். கழுவிக் கவிழ்த்த தட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இன்று வரை அந்த உறக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நெஞ்சு படபடப்பும் இல்லை. மாத்திரையும் இல்லை. இது ஆண்டவர் செய்தது. நான் கேட்டது ஒன்று, அவர் என் வாயிலிருந்து எடுத்தது இன்னொன்று. அவருக்கு நன்றி செலுத்துகிறேன்.

ஆனால் சாட்சியில் பாதியை மறைக்கக் கூடாது. மனைவி வீட்டார் எங்களோடு உறவை அறுத்துக்கொண்டார்கள். என் மாமியார் இறந்தது எங்களுக்கு நாற்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. தாயின் முகத்தைப் பார்க்காத துக்கம் மனைவிக்கு இன்றும் தீரவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ளைய நான் அடிச்சிருப்பனா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே தடவைதான்.

எஸ்தர் பத்தாம் வகுப்புத் தேறினாள். டைப்பிங் படித்து வேலைக்கும் போனாள். போன வருஷம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "நீங்க நெசமாவே உறங்குதியன்னுதான் அப்பா நான் நெனச்சிருந்தேன். நீங்க அன்னைக்குச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

அன்று என் நெஞ்சில் இறங்கியது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதோடும் உறங்குகிறேன். சொன்னதற்காக வருத்தப்படவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், நான் நல்ல தகப்பன் என்ற பெயரோடு விழித்துக் கிடந்திருப்பேன்.

உறக்கமில்லாமல் புரளுகிற சகோதர சகோதரிகளே, அவரை நம்பிக் கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். மனசுக்குள் சொல்வதும் அவருக்குக் கேட்கும். உங்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அது கேட்காது.