வாசலில் நிற்காத வண்டி

லூர்து மேரியின் ஸ்கூட்டியைத் தெரியாதவர்கள் இண்டூர்ப் பக்கம் கிடையாது. வெளுத்துப்போன நீல வண்டி, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி, பின்னால் பரிசோதனைக்குச் சளி கொண்டுபோகும் பெட்டி. அது எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் காசநோய் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பதினான்கு வருஷமாக அரசுக் காசநோய்ப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். சளி கேட்டால் எச்சிலைத் துப்பிக் கொடுப்பவனிடம், விடிந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டும். அதியமான்கோட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் ஆண்டோ, "உன் வண்டியில போனா சந்தைக் கூட்டம்கூட ஒதுங்கி வழி வுடும்டி" என்று சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

போன தை மாதம் குப்புராஜுக்குச் சளியில் கிருமி இருப்பது தெரிந்தது. தக்காளியும் சாமந்தியும் போடுகிற விவசாயி. மனிதர் சொன்னபடி கேட்டார், ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. வம்பெல்லாம் பேத்தி ஐஸ்வர்யா விஷயத்தில்தான். இரண்டரை வயது. தாத்தா மடியில் சோறு, தாத்தா பக்கத்தில் தூக்கம் என்று வளர்ந்த குழந்தை.

"பாப்பாவைப் பரிசோதிச்சுப் பார்த்தாச்சுங்க, இப்ப நோய் இல்லை. ஆனா தாத்தா இருமின காத்தைத்தானே இத்தனை நாளா சுவாசிச்சிருக்கு? வராம இருக்கத்தான் இந்த மாத்திரை. ஆறு மாசம், தெனம் ஒரு வேளை" என்றாள் மேரி.

குப்புராஜின் மகன் மாதவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஓடியாடற புள்ளைக்கு எதுக்குங்க மாத்திரை? தங்கச்சிக்குப் பாலக்கோட்டுல மாப்ள பேசிட்டிருக்கோம். மொதல்ல வண்டிய வாசல்ல இருந்து எடுங்க."

எடுத்தாள். அடுத்த தடவை பால் சொசைட்டி அருகே வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தே போனாள். அதற்கடுத்தும் அப்படித்தான். வீட்டிலிருந்த பெரியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை உண்டு. ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. நோய் வந்தவரைக் கெஞ்சலாம், அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. நன்றாக இருப்பவர்களைக் கெஞ்சினால் கிறுக்கச்சியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நான்காவது நடையில் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

அன்றைக்குத் திரும்பி வந்து வண்டியை எடுக்கும்போது, மருமகள் கலைமதி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மட்டும் குடுங்க, நான் பார்த்துக்கறேன். ஆனா வூட்டுக்கு வராதீங்க. மாசா மாசம் இங்கயே குடுத்துடுங்க, பால் ஊத்த வரும்போது வாங்கிக்கறேன்."

மேரிக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. பெற்றவளே முன்வந்துவிட்டாள், இனி என்ன?

மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் அப்படியே நடந்தது. மாத்திரை தீர்ந்த காலிப் பட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் புது மாத்திரை கொடுக்க வேண்டும். அதுதான் முறை. பத்துப் பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் பட்டையை விரித்துப் பார்க்க முடியுமா? "எல்லாம் சரியா நடக்குதா?" என்று காதோடு கேட்பாள். கலைமதி தலையை ஆட்டிவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வாளியோடு நகர்ந்துவிடுவாள். அந்தத் தலையாட்டலை நம்பி ஐஸ்வர்யாவின் பெயருக்கு நேராக 'முடிந்தது' என்று எழுதினாள் மேரி. குப்புராஜுக்கும் நோய் குணமாகி, கன்னத்தில் சதை போட்டது. ஆவணியில் மகள் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

புரட்டாசியில் குழந்தைக்குக் கழுத்தில் கட்டி. மாலையானால் காய்ச்சல், சோறு இறங்கவில்லை, எடை சரசரவென்று இறங்கியது. தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதித்துவிட்டு, காசநோய்தான் என்றார்கள்.

மேரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு மாதம் மாத்திரை தின்ற குழந்தைக்கு எப்படி? அன்று பால் சொசைட்டியில் நிறுத்தவில்லை. நேரே குப்புராஜ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"கலை, உண்மையச் சொல்லு. தெனம் குடுத்தியா?"

கலைமதி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறந்தால், துவரம்பருப்புக்குப் போடுவதுபோல வேப்பிலை போட்டு, அடியில் அத்தனை பட்டைகளும் ரப்பர் பேண்டு சுற்றியபடி இருந்தன. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஒண்ணுகூட வீணாக்கலைங்கக்கா. நல்லா இருக்கற புள்ளைக்குக் குடுத்து எதுக்குத் தீர்க்கணும், வந்தா ஒதவும்னு பத்திரமா எடுத்து வெச்சேன். இப்பத்தான் வந்துருச்சே. இன்னைலருந்து குடுத்துரட்டுங்களா?"

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் ஆத்திரம் வந்தது மேரிக்கு. யார் கன்னத்தில்? திருட்டு முழி இல்லை, பொய் இல்லை. இரண்டு கையாலும் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், பாராட்டை எதிர்பார்த்து. வீட்டுக்கு வராதே என்றதும் சரி என்று தலையாட்டியது யார்? ஒரே ஒரு முறை இந்தச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தால், காலிப் பட்டை எங்கே என்று கேட்டிருக்கலாமே.

"இது இனி பத்தாது கண்ணு" என்றாள். "இது வராம இருக்கறதுக்கு. வந்ததுக்கு வேற மருந்து."

கலைமதிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேரி பையிலிருந்த புது மருந்தை எடுத்து, எடைக்குத் தகுந்த அளவைத் தண்ணீரில் கரைத்து, தானே குழந்தைக்குப் புகட்டினாள். ஐஸ்வர்யா முகத்தைச் சுளித்து விழுங்கியது. குப்புராஜ் கதவோரம் நின்றார், கிட்டே வரவில்லை. எதிர்வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாதவராஜ் வாசல்படியில் உட்கார்ந்து அந்த நீல வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுக்கச் சொல்லவில்லை.