இராசாத்தியின் தவிட்டுக் கஞ்சி

கும்பிட்டே ஒரு பெண்ணைக் கொல்ல முடியுமா? முடியாது என்று சொல்பவர்கள், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிய இராசாத்தியின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

வாயாடி அவள். பக்கத்து நிரை மரங்களில் வெட்டுகிறவர்களை வம்புக்கு இழுக்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. புருஷன் பழனியாண்டி அதிகம் பேசமாட்டான். "ஒங்க பங்கையும் சேத்து நானே பேசித் தொலைக்கிறேன்" என்பாள்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி போனது. சுற்றிலும் நெல் விளைகிற கெடாவில் உட்கார்ந்துகொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்றது. பிறகு ஆண்களும் போனார்கள். சயாமில் ரயில் பாதை போட அவர்களை ஜப்பான் பட்டாளத்தார் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழனியாண்டியின் தம்பி போனான். அடுத்த வீட்டுப் புஷ்பவள்ளியின் புருஷன் போனான். கோயில் பூசாரி பிச்சையின் ஒரே மகன் போனான். ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இராசாத்தியின் கால்கள் வீங்கின. "பாருங்கடி, கெழங்கு தின்னே கொழுத்துட்டேன்" என்று காட்டிச் சிரித்தாள். கொஞ்ச நாளில் தண்ணீர்க் குடத்தோடு மேடேறும்போது மூச்சு வாங்கியது. படுத்தால் முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடித்தபோது, நெரிசலில் நின்ற அவளுக்கு மூச்சிளைப்பு அதிகமாகிவிட்டது. உடம்பு நடுங்கியது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்துத் துள்ளியது. பிச்சை பார்த்தார்.

"ஆத்தா வந்துட்டாடா!"

புஷ்பவள்ளி காலில் விழுந்தாள். "தாயி, எம் புருசன் உசுரோட இருக்காரா? ஒரு வார்த்த சொல்லு!"

இராசாத்தி ஆமென்று தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பழனியாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டான். "நெசமாவே சாமியா?"

"சாமியுமில்ல, பூதமுமில்ல. மூச்சு எரைச்சுது. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிங்க இல்லேன்னு சொல்றது?"

அவள் சாய்ந்து தூங்கும் சுவரோரம் அவன் பாயை விரித்தான். பிறகு, "என் தம்பி?" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "வருவாரு" என்றாள்.

அதன்பின் வெள்ளிதோறும் கூட்டம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். அவளுக்கு வயிறும் உப்பி, உதடு நீலம் பூத்தபோதுதான் பழனியாண்டி பயந்து, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் முத்துக்குமாரு இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர்.

"படுத்தா மூச்சு முட்டுதோ, பிள்ளை?"

"ஆமாங்கய்யா. உக்காந்தா தேவல."

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. பாதி சாய்த்து உட்காரவைத்துக் கழுத்து நரம்பைப் பார்த்தார். முதுகில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். நுரையீரலின் அடியில் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம்.

"காலமை என்ன சாப்பாடு?"

"கெழங்கு."

"மத்தியானம்?"

"கெழங்கு."

"இரவைக்கு?"

"அந்தக் கெழங்கோட தங்கச்சிங்கய்யா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழனியாண்டியிடம் திரும்பினார். "இருதயம் ஒரு பம்பு மாதிரி. இவவுக்கு அது களைச்சுப்போச்சு. இறைக்க முடியாத ரத்தம் பின்னால தேங்குது. அதால நுரையீரலில நீர் கோத்தா மூச்சு முட்டும், காலில கோத்தா வீங்கும். கழுத்து நரம்பு புடைச்சுத் துடிக்கிறதும் அதாலதான்."

"அப்ப அது ஆத்தா இல்லீங்களா?"

"பெரிபெரி. சத்தில்லாத சாப்பாட்டால வாறது. ஊசிமருந்து எப்பவோ முடிஞ்சுது. அந்தச் சத்து நெல்லுத் தவிட்டில இருக்கு, எடுத்துக் கஞ்சி காய்ச்சிக் குடுங்கோ. உப்பைக் குறையுங்கோ. வேலைக்கு விடாதேங்கோ. பிழைப்பா."

சிடாம் கிரி பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் நெல் குத்தும் இடத்தில் வாத்துகளுக்குத் தவிடு வைத்திருந்தார். பழனியாண்டி நடந்தே போய் வாங்கி வந்து காய்ச்சிக் கொடுத்தான். இராசாத்தி ஒரு வாய் குடித்துவிட்டு வாத்துபோலக் கத்திக் காட்டினாள். அவன் சிரித்தான்.

வீக்கம் வடிந்தது. மூச்சு அடங்கியது. அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வெள்ளி உடுக்கை அடித்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். இராசாத்தி அமைதியாக நின்றாள். கழுத்து நரம்பு இருந்த இடம் தெரியவில்லை. உடம்பு தேறியதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டிய சனம் கதிகலங்கிப் போனது.

"ஆத்தா ஏன் பேசல? அய்யோ, எம் புருசனுக்கு என்னமோ ஆயிப்போச்சு!" புஷ்பவள்ளி மண்ணில் புரண்டாள்.

"வாத்துத் தீனியத் தின்னா ஆத்தா எப்படி எறங்குவா?" என்றார் பிச்சை பழனியாண்டியிடம். "விரதம் இருந்து கரகம் எடுக்கச் சொல்லு. வருவா."

"டிரஸ்ஸர் ஐயா..." என்று பழனியாண்டி ஆரம்பித்தான்.

"ஒன் தம்பி வரவேணாமா?"

இராசாத்தி புஷ்பவள்ளியையும் புருஷனையும் மாறிமாறிப் பார்த்தாள். "எடுக்கறேன். திருவிழா வரைக்குந்தானே" என்றாள்.

தவிடு நின்றது. ஒருபொழுது, அதுவும் கிழங்கு. விஷயம் கேள்விப்பட்டு டிரஸ்ஸர் லயத்துக்கே ஓடி வந்தார். "அவவைக் கொல்லப் போறியள்" என்று கத்தினார். கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள்: "ஒங்க வீட்டு ஆளு யாரும் சயாமுக்குப் போகலீங்களே ஐயா." அவர் கோயில் பக்கம் திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

திருவிழா நாள் உச்சி வெயிலில் தலையில் கரகத்தோடு இராசாத்தி லயத்தைச் சுற்றி வந்தாள். கால் மறுபடி தூண்போல் வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு துள்ளியது. "வந்துட்டா, ஆத்தா வந்துட்டா!" என்று சனம் ஆனந்தக் கண்ணீர் விட்டது. புஷ்பவள்ளி வீட்டு வாசலில் கரகம் சரிந்தது. பழனியாண்டி அவளைத் தாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டான். அவள் வாயில் நுரை தள்ளியது.

"படுக்க வைக்காதீங்க..." என்றாள் அவனிடம். அவ்வளவுதான் பேச முடிந்தது.

சுற்றிலும் பெண்கள் கைகூப்பி நின்றார்கள், ஆத்தா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று. டிரஸ்ஸரைக் கூப்பிட ஒருவரும் ஓடவில்லை. அவன் கையிலேயே அவள் மூச்சு நின்றது.

சயாமுக்குப் போன அந்த மூவரில் ஒருவனும் திரும்பவில்லை. சோற்றையும் ஆண்களையும் பிடுங்கிக்கொண்டு போன பட்டாளத்துக்காரன் முதல் கொலைகாரன். ஆனால் வாத்துக்குக் கிடைத்த தவிடு அவளுக்கும் கிடைத்தது. அதைத் தட்டிவிட்டது யார்? ஏங்கித் தவித்த அந்தச் சனத்தை ஏச எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய ஏக்கத்துக்குச் சாமி என்று பேர்வைத்த மூடநம்பிக்கையை மன்னிக்கவும் முடியவில்லை.

இன்று இருதயம் தளர்ந்துபோக இரத்த அழுத்தம், மாரடைப்பு, சர்க்கரை என்று வேறு காரணங்கள் வந்துவிட்டன. கண்டுபிடிக்கவும் வழிகள் இருக்கின்றன: இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, இ.சி.ஜி., இருதயம் இறைப்பதைத் திரையில் காட்டும் எக்கோ. அதே வட்டாரத்துப் பாக்கார் ஆராங்கிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஆஸ்பத்திரி. அப்படியிருந்தும் முதலில் தாயத்தும் மந்திரித்த எலுமிச்சம்பழமும்தான் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் வீட்டில் யாருக்காவது காரணமில்லாமல் மூச்சிளைப்பும் கால் வீக்கமும் இருந்தால், அவர்களை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், நீங்கள் வண்டியை எடுங்கள்.