பம்மலில் முயல் படம்: வண்டலூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஊட்டி, ஏற்காடு என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். இந்தப் பயணம் போக மட்டும் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். சிறுவர் தொலைக்காட்சியைக் கிழித்துத் தொங்கவிடும் 'தலையைக் கழற்றாதே' என்ற படத்துக்குத் தியேட்டர் கிடைக்கவில்லை. அதனால் படம் எடுத்த இடத்திலேயே, பம்மலில் பழைய தோல் தொழிற்சாலையின் கொட்டகை ஒன்றில், ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்குத் திரையிடுகிறார்கள். போன ஞாயிறு நானும் போனேன். படம் ஒரு சாக்குதான். முன்பு என்னோடு வேலை பார்த்த நசீர் அண்ணனிடம் பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதே காரணம்.

வண்டலூர் ஸ்டேஷனில் 9.20 ரயில் 9.34க்கு வந்தது. பல்லாவரத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். உயிரியல் பூங்காவுக்குப் போகும் குடும்பங்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியுமாக இறங்க, நான் ஏறினேன். அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூர். சொன்னபடி முன்னாலிருந்து இரண்டாவது பெட்டியில் நசீர் அண்ணன் ஏறினார்.

"இன்னா மேடம், கண்ணாடி போட்டுட்டீங்க?"

"வயசாகுதுண்ணா. கடை எப்படிப் போகுது?"

"ஓடிக்கினு கீது. கார் சீட் கவர்தான். வூட்ல தைக்கிறாங்க, நான் அளவெடுத்துக் குடுக்கிறேன்." வலது கையை இடது கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் பேசினார். மறைத்தாலும் விரல்கள் நடுங்குவது தெரிந்தது.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. ஒரு சேனலின் சிறுவர் நிகழ்ச்சியில் நான் படப்பிடிப்புத் தளப் பொறுப்பாளராக இருந்தபோது, எங்கள் 'பஞ்சு முயல்' உடையைத் தைத்தவர் அவர்தான். உள்ளே நடிக்க வந்தவர் இரண்டே நாளில் ஓடிவிட, தைத்தவரையே உள்ளே போகச் சொன்னோம். பிள்ளைகள் இழுத்துவிடக் கூடாது என்று முயலின் தலையைக் கழுத்தில் ஆறு கொக்கி போட்டு மாட்டியிருப்போம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் கண்ணெதிரே தலை கழலக் கூடாது. கேமரா உடையலாம், தொகுப்பாளர் மயங்கலாம், முயல் முயலாகவே இருக்க வேண்டும்.

பல்லாவரத்தில் இறங்கியபோது மணி பத்து. பம்மலுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். "பின்னாடி மூணு பேர் கீறாங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குந்துங்க" என்றார் டிரைவர். அட்ஜஸ்ட் பண்ணினோம். மூன்று கிலோமீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இறங்கிய இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. நசீர் அண்ணன் சுவரோரமாக, நிழலைத் தேடித் தேடி நடந்தார். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் வெயில் பட்டால் அவருக்குத் தலை சுற்றும்.

டிக்கெட் நூறு ரூபாய். பிளாஸ்டிக் நாற்காலி அறுபது, ஆட்கள் நாற்பது பேர் இருப்பார்கள். படம் நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. கேமரா முன்னால் "செல்லங்களா" என்று கொஞ்சிவிட்டு, ஓடிப்போய்க் கை கழுவும் தொகுப்பாளர். உள்ளே ஒன்றுமில்லாத பரிசுப் பெட்டி. பயந்து அழும் குழந்தையிடம், "சூப்பர், இன்னொரு தடவை இந்தப் பக்கம் பாத்து அழு கண்ணு" என்னும் இயக்குநர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியை நான்தான் அந்தப் படத்தின் இயக்குநருக்குச் சொல்லியிருந்தேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மே மாதம். சத்தம் பதிவாகிவிடும் என்று ஏசியை நிறுத்தியிருக்கிறார்கள். முயல் ஆடிக்கொண்டே தடாலென்று விழுகிறது. நடிப்பென்று நினைத்துப் பிள்ளைகள் கைகொட்டுகிறார்கள். எழுந்திரு முயலே என்று பாட்டே ஆரம்பிக்கிறது. கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. அப்போது தளப் பொறுப்பாளரான பெண் ஓடிவந்து, கொக்கிகளைப் பிய்த்து, முயல் தலையைக் கழற்றி எறிகிறாள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

பின் வரிசையில் ஒருவர் மனைவியிடம், "ரொம்ப ஓவராப் பண்ணிட்டாங்க. சின்னப் பசங்க ப்ரோக்ராம்ல இப்படியெல்லாமா நடக்கும்?" என்றார்.

ஓவர் இல்லை சார், குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். நான் நடந்ததை நடந்தபடியே சொன்னபோது, "இதை அப்படியே வச்சா யாரும் நம்ப மாட்டாங்க மேடம். யாராவது ஒருத்தராவது தலையைக் கழட்டணும்" என்றார் படத்தின் இயக்குநர். நானும் சரி என்று தலையாட்டினேன். வெட்கம் கெட்ட தலை.

திரும்பும்போது பல்லாவரத்தில் 1.50 ரயில் இருபது நிமிடம் தாமதம். கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம்.

"அந்தப் பொண்ணு நீங்கதானே மேடம்?" என்றார் நசீர் அண்ணன். "ஓடியாந்து தலைய எடுக்குதே."

"நான் எடுக்கலண்ணா. எடுக்க வந்த லைட்மேனையும் நான்தான் தடுத்தேன். பசங்க பாக்குறாங்க, தலையைக் கழட்டாதீங்கன்னு சொன்னேன். பாட்டு பாடச் சொன்னதும் நான்தான். பசங்களை வேன்ல ஏத்தி அனுப்புற வரைக்கும் உங்களை அப்படியே விட்டேன். பதினோரு நிமிஷம். மன்னிச்சிருங்கண்ணா."

"தெரியும் மேடம்."

"உங்களுக்கு ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொன்னாங்களே."

"அது ஆஸ்பத்திரில எழுதினது. உள்ள இருந்தா கண்ணுதான் சரியாத் தெரியாது, காது நல்லாக் கேக்கும். நீங்க சொன்னதும் கேட்டுச்சு, பாட்டும் கேட்டுச்சு. பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சிடலாம்னுதான் பாத்தேன்."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. ரயில் தாம்பரம் தாண்டும்போது, "அந்த டிரெஸ் இன்னா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "நல்ல துணி அது" என்றார். பெருங்களத்தூரில் "வர்றேன் மேடம்" என்று இறங்கிப் போனார். இத்தனை வருடம் அவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் நான் தூங்கியிருக்கிறேன். இனி அது இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, அரை மணி முன்னதாகவே கிளம்புங்கள். சில்லறை வைத்திருங்கள். கொட்டகைக்குள் ஃபேன் நான்குதான், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் காற்று வரும். தண்ணீர் கொண்டுபோங்கள். படத்தில் சிரிக்க நிறைய இருக்கிறது, தாராளமாகச் சிரியுங்கள். அந்தப் பெண் ஓடிவந்து தலையைக் கழற்றும்போது மட்டும் கைதட்டாதீர்கள். அது நடக்கவில்லை.