எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது?

இது எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வாதாடும் தெம்பு எனக்கில்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலில், காலை 8.52க்கு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்தது. அதுவும் ஒரு நாள் இல்லை, நான்கு மாதம் தினமும் வந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மாதம் ஒரு பரிசோதனை அறிக்கை உண்டு. எல்லா அறிக்கைகளும் தலைமை ஆபீஸில் இருக்கும் சர்வரில் இருக்கும். எங்கள் கிளைக்கு இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், அவற்றின் பிரதி ஒன்று என் கம்ப்யூட்டரிலும் இருக்கும். இணைப்பு இல்லாதபோது இந்தப் பிரதியில் வேலை செய்யலாம். இணைப்பு வந்ததும் இரண்டும் ஒத்துப்பார்க்கப்படும். ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு சின்னக் கட்டம் வந்து, எந்தப் பிரதியை வைத்துக்கொள்வது என்று கேட்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு முன்னால் டார்ச் சாருடையது. பரிசோதகர். உச்சி வெயிலிலும் கையில் டார்ச் இருக்கும். சாப்பாட்டு டப்பாவைக்கூட டார்ச் அடித்துப் பார்த்துத்தான் திறப்பார் என்று கேலி செய்வோம். நான்கு மாதத்துக்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் மேசையும் கம்ப்யூட்டரும் என் தலையில் விழுந்தன.

அவர் இடத்துக்குப் புது ஆள் வரவில்லை. அறிக்கை மட்டும் மாதாமாதம் போயாக வேண்டும். "ஆள் வர்ற வரைக்கும் நீயே பாத்துக்கோம்மா" என்றார் மேனேஜர். பார்த்துக்கொண்டேன். போன மாத அறிக்கையைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், சேமிப்பேன். நல்ல நிலை. நல்ல நிலை. நல்ல நிலை. லிஃப்டைப் போய்ப் பார்த்தவர் எவரும் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தக் கட்டம் வரும். 'சர்வர் பிரதி' என்று அமுக்கிவிட்டு டீ வாங்கப் போவேன். எந்தக் கோப்பு என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். படித்ததில்லை.

அன்று சனிக்கிழமை. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். ஐந்து ராத்திரியாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தேன். மாதக் கடைசி என்பதால் மேனேஜர் ஒரு மணி நேரம் மட்டும் வந்து போகச் சொன்னார். அம்மாவுடன் அக்கா இருந்தாள். ஆபீஸில் வேறு யாரும் இல்லை.

8.52. கட்டம் வந்தது. 'சர்வர் பிரதி' அமுக்கினேன்.

சர்வர் கிடைக்கவில்லை என்றது. கட்டம் மறுபடி வந்தது. அமுக்கினேன். மறுபடி வந்தது... ஏழெட்டு முறை. எரிச்சலில்தான் அந்தப் பொடி எழுத்தை முதல் முறையாகப் படித்தேன்.

ஆஸ்பத்திரி. லிஃப்ட் எண் 3.

அம்மா படுத்திருந்த அதே ஆஸ்பத்திரி. எங்கள் கம்பெனி பராமரிப்பதுதான். என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத் திறந்தேன்.

தேதி, அன்றைய தேதி. பரிசோதித்தவர் என்ற இடத்தில் டார்ச் சாரின் ஊழியர் எண். கீழே ஒரே வரி. 'பிரேக் லைனிங் தேய்ந்து இரும்பு தெரிகிறது. லிஃப்டை நிறுத்தவும்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். தலைமை ஆபீஸில் வேலை இல்லாதவர்களுக்கா பஞ்சம்? குனிந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இனி வெளியிலிருந்து எவனும் கை வைக்க முடியாது. கோப்பை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

9.14. இரண்டு வரி.

'தினமும் எழுதுகிறேன். தினமும் அழிக்கிறாய்.'

கேபிள் என் கையில் இருந்தது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை. மின்விசிறி 'டக்... டக்...' என்று சுற்றிக்கொண்டிருந்தது. பயந்தேன் என்று சொல்லமாட்டேன். பயப்படக்கூடத் தெம்பில்லாத அளவுக்குக் களைத்திருந்தேன். மூடினேன். திறந்தேன்.

9.17. மூன்று வரி.

'எனக்கும் அலுத்துவிட்டது.'

இப்போது பயந்தேன்.

மூடினேன்.

திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்...

9.21.

'நாலாவது மாடி. ஸ்ட்ரெச்சர். 9.30.'

அம்மா இருந்தது நாலாவது மாடி.

உடனே போன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

"அம்மாவை எந்த லிஃப்ட்ல கூட்டிட்டுப் போறாங்க?"

"மூணாவதுல. ஸ்ட்ரெச்சர் அதுலதான் நுழையும். இப்பதான் கிளம்புறோம். ஏன்டி?"

"அதுல ஏத்தாதக்கா."

"என்னடி சொல்ற?"

"காரணம் கேக்காத. ஸ்ட்ரெச்சருக்குக் குறுக்க நின்னுக்கோ. திட்டினா வாங்கிக்கோ."

அக்கா நின்றாள். நர்ஸ் கத்தினாள், வார்டு ஆள் கத்தினான். அக்கா அசையவில்லை. அவள் பிடிவாதத்தால் வீட்டில் பட்ட பாட்டுக்கெல்லாம் அன்று கணக்குத் தீர்ந்தது. நான் மெக்கானிக்கை எழுப்பி அனுப்பினேன். 10.40க்குப் போன் செய்தார். பிரேக்கில் லைனிங்கே இல்லையாம், இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்ததாம். ஸ்ட்ரெச்சரும் நாலு பேரும் ஏறியிருந்தால் தாங்கியிருக்காது என்றார். அம்மாவைப் படி வழியாகத் தூக்கிப்போய், மதியம் ஆபரேஷன் ஆனது. இப்போது கைத்தடியோடு நடக்கிறாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் டார்ச் சாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து சிஸ்டம் பார்ப்பவர் வந்தார். டார்ச் சாரின் கணக்கை அவர் இறந்த மறுநாளே மூடிவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த எண்ணில் எழுத வழியே இல்லை. அந்தக் கோப்பைத் தேடினார். என் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு பிரதி இல்லை. ஆனால் நான் அமுக்கியவை மட்டும் பதிவாகியிருந்தன. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எண்பத்து மூன்று நாள், எண்பத்து மூன்று முறை 'சர்வர் பிரதி'. எல்லாம் காலை 8.52.

எண்பத்திரண்டு முறை ஆஸ்பத்திரி லிஃப்ட். ஒரே ஒரு நாள் மட்டும் வேறு கோப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு துணிக் கிடங்கின் சரக்கு லிஃப்ட்.

அந்தத் தேதி எனக்குத் தெரியும். அன்று காலை 11.40க்கு அந்த லிஃப்ட் அறுந்து விழுந்தது. மூட்டை தூக்கும் ஒருவர் அதில் போய்விட்டார். மேனேஜரோடு நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல நிலையில் இருந்த லிஃப்ட் எப்படி விழுந்தது என்றே தெரியவில்லை என்று சொன்னது நான்தான்.

அன்றைக்கு அந்தப் பிரதியில் என்ன எழுதியிருந்தது என்று சிஸ்டம் பார்ப்பவரிடம் கேட்டேன்.

"சர்வர் பிரதின்னு அமுக்கிட்டா இன்னொண்ணு போயிடும் மேடம். இனிமே யாராலயும் எடுக்க முடியாது" என்றார்.