டீச்சர் வாயில் கமர்கட்டு

யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, புத்தூர் பெலிண்டா டீச்சருக்கு. பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டாலும் இவர்தான் பதில் சொல்வார். அப்பேர்ப்பட்டவர், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கேள்வி கேட்டு, தாங்களே விடை தேடும் பாடம் ஒன்றைத் திட்டமிட்டார். இடம் முக்கொம்பு. தன் வாயை அடைக்க மட்டும் ஒரு கமர்கட்டு வாங்கிக்கொண்டார்.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில், "எதுல தண்ணி வேகமா போகுது மிஸ்?" என்றார்கள் பிள்ளைகள்.

"ம்" என்றார் டீச்சர்.

அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இலைகளை மிதக்கவிட்டு அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அப்போது கனிஷ்கா கேட்டாள். "ரெண்டும் ஒரே தண்ணிதானே மிஸ்? இதுதான் காவிரி, அது கொள்ளிடம்னு யாரு முடிவு பண்ணாங்க? ஏன் மாத்தி வைக்கல?"

கமர்கட்டு எப்போதோ கரைந்துபோயிருந்தது. டீச்சர் அப்போதும் "ம்" என்றுதான் சொன்னார்.